உங்கள் வெல்டிங்கை நீங்களே உடைத்துப் பாருங்கள்

வீட்டு வாசலில் ஒரு நிமிடம் நின்று சுற்றிலும் பாருங்கள். கேட், சன்னல் கிரில், மாடிப்படியின் கைப்பிடி, கார் நிற்கும் இடத்துக் கூரைச் சட்டம், தண்ணீர்த் தொட்டியைத் தாங்கும் இரும்புக் கால்கள். இவற்றையெல்லாம் பிரியாமல் பிடித்து வைத்திருப்பது விரல் அகலம்கூட இல்லாத ஓர் இரும்புக் கோடு. அந்தக் கோட்டைப் போட்டவர் ஒரு வெல்டர்.

சின்ன வயதில் கிரில் பட்டறையைக் கடந்து நடக்கும்போது, "அந்த வெளிச்சத்தைப் பார்க்காதே, கண்ணு போயிடும்" என்று அம்மாவோ பாட்டியோ நம் முகத்தைத் திருப்பியிருப்பார்கள். எஸ்.பி.எம். முடித்த பிறகு அதே வெளிச்சத்துக்கு முன்னால், கையில் கம்பியோடு உட்காரப் போகிற மாணவர்களும் மாணவியரும் நம்மிடையே இருக்கிறார்கள். தொழிற்பயிற்சி நிலையத்தில் சேர விண்ணப்பித்திருப்பவர்கள், பொறியியல் படிப்பில் முதன்முதலாகப் பட்டறைக்குள் நுழைபவர்கள், மாமாவின் பட்டறையில் விடுமுறை வேலைக்குப் போகிறவர்கள் ஆகிய எல்லாருக்கும் பொதுவான அடிப்படைகளை இங்கே பார்ப்போம்.

தொடங்கும் முன் ஓர் உண்மையை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நல்ல வெல்டிங்கும் மோசமான வெல்டிங்கும் கிரைண்டரால் தேய்த்துச் சாயம் அடித்த பிறகு ஒன்றுபோலவே தெரியும். வேறுபாடு வெளிப்படும் நாள், யாரோ ஒருவர் அந்தக் கைப்பிடியில் நம்பிக்கையோடு சாய்ந்த நாளாக இருக்கும். அதனால் இந்தத் தொழிலில் கைத்திறனுக்குச் சமமாக நேர்மையும் வேண்டும். அந்த நேர்மையைப் பழகுவதற்கு ஓர் எளிய வழி இருக்கிறது. அதைக் கட்டுரையின் பிற்பகுதியில் சொல்கிறோம்.

கம்பியின் நுனியில் நடப்பது என்ன?

வெல்டிங்கில் பல வகைகள் உண்டு. தொடக்கநிலையில் பெரும்பாலும் கற்றுத் தரப்படுவது ஸ்டிக் வெல்டிங். இதற்கு வாயு உருளை தேவையில்லை. ஓர் இயந்திரம், இரண்டு கேபிள், ஒரு கட்டுக் கம்பி இருந்தால் போதும். காற்று வீசும் கட்டுமானத் தளத்திலும் ஓரளவு சமாளிக்கலாம். அதனால்தான் புதிய முறைகள் பல வந்த பிறகும் இது ஒதுக்கப்படவில்லை.

இயந்திரத்திலிருந்து வரும் ஒரு கேபிளின் முனையில் கம்பியைப் பிடிக்கும் ஹோல்டர் இருக்கும். மற்றொரு கேபிளின் முனையில் உள்ள எர்த் கிளாம்ப், நாம் ஒட்டப்போகும் இரும்பைக் கவ்வியிருக்கும். கம்பியின் நுனி இரும்பைத் தொட்டுச் சற்றே விலகும்போது, அந்தச் சிறு இடைவெளியைத் தாண்டி மின்சாரம் பாய்கிறது. இதுதான் மின்வில். இரும்பு உருகுவதற்கு ஏறத்தாழ 1,500 பாகை செல்சியஸ் வெப்பம் வேண்டும். மின்வில்லின் வெப்பம் அதைவிட மிக அதிகம். எனவே கம்பியின் நுனியும் இரண்டு இரும்புகளின் ஓரமும் ஒரே நேரத்தில் உருகி ஒரு சிறு குளமாகக் கலக்கின்றன. குளம் உறைந்ததும் இரண்டு துண்டும் ஒன்றாகிவிடுகின்றன. பசைபோட்டு ஒட்டுவதற்கும் இதற்கும் உள்ள வேறுபாடு இதுதான். இங்கே இரும்பே இரும்போடு உருகிக் கலக்க வேண்டும். கலக்காமல் மேலே படிந்திருந்தால் அது வெல்டிங் அல்ல.

கம்பியின் மேல் உள்ள சாம்பல் நிறப் பூச்சைப் பலர் கவனிப்பதில்லை. உருகிய இரும்பைத் திறந்த காற்றில் விட்டால் உயிர்வாயுவும் நைட்ரஜனும் புகுந்து அதைப் பலவீனமாக்கிவிடும். பூச்சு எரியும்போது உண்டாகும் வாயு, காற்றை விலக்கி நிறுத்துகிறது. எஞ்சியது கசடாகி, உறையும் இரும்பின்மேல் போர்வைபோல் படிகிறது. பூச்சுள்ள கம்பியை 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உருவாக்கியவர் ஸ்வீடன் நாட்டைச் சேர்ந்த ஆஸ்கார் ஷெல்பெர்க். அவர் 1904இல் தொடங்கிய எசாப் நிறுவனம் இன்றும் வெல்டிங் கருவிகளைத் தயாரித்து வருகிறது.

முதலில் உடம்பு, பிறகு வேலை

மின்வில்லின் வெளிச்சத்தில் கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிர்களும் உண்டு. பாதுகாப்பில்லாமல் பார்த்தால் அப்போதைக்கு ஒன்றும் தெரியாது. சில மணி நேரம் கழித்து, பெரும்பாலும் இரவில், கண்ணில் மணலை அள்ளிப் போட்டது போன்ற எரிச்சலும் நீர்வடிதலும் தொடங்கும். அப்படி நேர்ந்தால் கண்ணைத் தேய்க்காதீர்கள். கைவைத்தியம் பார்க்காமல் மருத்துவரிடம் செல்லுங்கள். ஸ்டிக் வெல்டிங் பழகுபவர்களுக்குப் பொதுவாக 10 அல்லது 11ஆம் எண் கருங்கண்ணாடி பொருத்திய முகக்கவசம் வேண்டும். வெயிலுக்கு அணியும் கறுப்புக் கண்ணாடி இதற்கு உதவாது. வேலை செய்பவருக்கு மட்டுமல்ல, பக்கத்தில் இரும்பைப் பிடித்து உதவி செய்பவருக்கும் முகக்கவசம் தேவை.

உடை விஷயத்தில் நம் இளைஞர்கள் செய்யும் பெரிய தவறு காற்பந்து ஜெர்சியோடு பட்டறைக்குள் போவது. பொறி பட்டால் அந்தத் துணி உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். முழுக்கை வைத்த கனமான பருத்திச் சட்டை, மடிப்பில்லாத நீளக் கால்சட்டை, தோல் கையுறை, முழுப் பாதத்தையும் மூடும் காலணி ஆகியவை கட்டாயம். சிலிப்பர் அணிந்து வெல்டிங் செய்பவரை நீங்கள் பார்த்திருக்கலாம். அவரிடம் தொழிலைக் கற்றுக்கொள்ளுங்கள், காலணிப் பழக்கத்தை வேண்டாம்.

நம் நாட்டுச் சூட்டில் இன்னோர் ஆபத்தும் உண்டு. அது வியர்வை. மின்வில் எரியாதபோது கம்பிக்கும் இரும்புக்கும் இடையே பொதுவாக 50 முதல் 80 வோல்ட் வரை இருக்கும். வீட்டு மின்சாரத்தைவிடக் குறைவுதானே என்று எண்ண வேண்டாம். நனைந்த கையுறையோடு, ஈரத் தரையில் நின்றுகொண்டு கம்பியைத் தொட்டால் உயிருக்கே ஆபத்தாகலாம். மாற்றுக் கையுறை ஒன்று எப்போதும் இருக்கட்டும். மழை பெய்யும் இடத்தில் வேலையை நிறுத்திவிடுங்கள்.

புகையை மூச்சில் இழுக்காதபடி தலையை ஒருபுறம் ஒதுக்கி வைத்து, காற்றோட்டமான இடத்தில் வேலை செய்யுங்கள். துத்தநாகம் பூசிய குழாயை வெல்டிங் செய்தால் எழும் வெண்புகை, சில மணி நேரத்தில் காய்ச்சலும் குளிர்நடுக்கமும் தரும். பழக்கமில்லாதவர்கள் அத்தகைய குழாயைத் தொடவே வேண்டாம். எண்ணெய்த் தொட்டி, பழைய டிரம் போன்றவை வெளியே காலியாகத் தெரிந்தாலும் உள்ளே தங்கிய ஆவி வெடிக்கலாம். அவையும் தொடக்கநிலை மாணவர்களுக்கு உரியவை அல்ல.

பெட்டியில் உள்ள எண் சொல்வது

கம்பிப் பெட்டியில் இ6013 அல்லது இ7018 என்று எழுதியிருக்கும். முதல் இரண்டு இலக்கங்கள் உறைந்த உலோகத்தின் இழுவலிமையைக் காட்டும். 60 என்றால் ஒரு சதுர அங்குலத்துக்குக் குறைந்தது 60,000 பவுண்டு. மூன்றாம் இலக்கம் 1 என்றால், தட்டையாக, செங்குத்தாக, தலைக்கு மேலாக என எல்லா நிலைகளிலும் பயன்படுத்தலாம். கடைசி இலக்கம், அதற்கு முந்தைய இலக்கத்தோடு சேர்ந்து, பூச்சின் வகையையும் ஏற்ற மின்சாரத்தையும் குறிக்கும்.

பழகுவதற்கு 6013 நல்லது. எளிதில் பற்றிக்கொள்ளும், மின்வில் சாந்தமாக எரியும், கசடும் எளிதில் கழன்றுவிடும். 7018 வலிமை மிகுந்தது, முக்கியமான கட்டுமானங்களுக்கு உரியது. ஆனால் ஈரம் பட்டால் அதன் பூச்சு நீரை உறிஞ்சிக்கொள்ளும். அந்த நீரிலிருந்து வரும் ஹைட்ரஜன், இரும்புக்குள் புகுந்து பின்னர் விரிசல் உண்டாக்கும். நம் நாட்டுக் காற்றில் ஈரப்பதம் அதிகம். அதனால் பெரிய பட்டறைகளில் பெட்டி திறந்த 7018 கம்பிகளைச் சூடான அடுப்புப் பெட்டியில் வைத்தே பயன்படுத்துவார்கள்.

மின்னளவுக்கு ஒரு தோராயக் கணக்கு: 2.6 மில்லிமீட்டர் 6013 கம்பிக்கு 60 முதல் 90 ஆம்பியர், 3.2 மில்லிமீட்டர் கம்பிக்கு 90 முதல் 130 ஆம்பியர். சரியான அளவு கம்பிப் பெட்டியிலேயே அச்சிடப்பட்டிருக்கும். அந்த வரம்பின் நடுவில் தொடங்கி, 5 ஆம்பியர் ஏற்றியும் இறக்கியும் பார்த்துப் பழகுங்கள்.

முதல் நாள்: ஒட்டிக்கொள்ளும் கம்பி

முதல் நாளில் எல்லாருக்கும் நடப்பது இதுதான். கம்பியை இரும்பில் வைத்தவுடன் அது அப்படியே ஒட்டிக்கொள்ளும். இழுத்தாலும் வராது, கம்பி சிவக்கத் தொடங்கும், மாணவர் பதறுவார். பதற வேண்டாம். மணிக்கட்டைச் சட்டென்று பக்கவாட்டில் முறுக்கினால் கழன்றுவிடும். அப்போதும் வராவிட்டால் ஹோல்டரின் பிடியை விடுவித்துக் கம்பியை விட்டுவிடுங்கள். முகக்கவசத்தை மட்டும் உயர்த்தாதீர்கள். கழலும் நொடியில் மின்வில் எரியக்கூடும்.

தீக்குச்சியைப் பெட்டியில் உரசுவதுபோல் கம்பியின் நுனியை இரும்பின்மேல் இலேசாக உரசி, பற்றியதும் சற்றே தூக்க வேண்டும். அதிகம் தூக்கினால் அணைந்துவிடும், தூக்காவிட்டால் ஒட்டிக்கொள்ளும். உரசுவது கைக்கு வந்தபின் ஓரிடத்தில் தட்டிப் பற்றவைக்கப் பழகலாம். கோடு போடவேண்டிய இடத்துக்கு வெளியே உரசித் தழும்பு விழவிடக் கூடாது. பற்றவைக்கும் இடம் பின்னர் வெல்டிங்கால் மூடப்படும் இடமாக இருக்கட்டும்.

இதற்கெல்லாம் முன்னால் செய்யவேண்டியது, இரும்பின் துருவையும் சாயத்தையும் எண்ணெயையும் நீக்குவது. எர்த் கிளாம்ப் பிடிக்கும் இடத்தையும் பளபளப்பாகத் தேய்த்துவிடுங்கள். கம்பி பற்றவே மாட்டேன் என்கிறது என்று இயந்திரத்தைக் குறைசொல்லும் பல நேரங்களில், கிளாம்ப் துருவின்மேல் உட்கார்ந்திருக்கும்.

கையில் உள்ள நான்கு கட்டுப்பாடுகள்

மின்னளவு, இடைவெளி, சாய்வு, வேகம். நல்ல கோட்டைத் தீர்மானிப்பவை இந்த நான்கும்தான்.

மின்னளவு குறைந்தால் இரும்பு உருகிக் கலக்காமல், கயிறு போட்டதுபோல் மேலே குவிந்து நிற்கும். அதிகமானால் கம்பி பாதியிலேயே சிவந்துவிடும், பொறி தெறிக்கும், கோட்டின் இரு ஓரத்திலும் பள்ளம் விழும். அந்த ஓரப்பள்ளத்தில் இரும்பு மெலிந்திருப்பதால் பின்னாளில் விரிசல் அங்கேதான் தொடங்கும்.

கம்பியின் நுனிக்கும் குளத்துக்கும் இடையிலான தூரம், கம்பியின் உள்ளே உள்ள எஃகின் தடிப்பளவே இருக்க வேண்டும். 2.6 மில்லிமீட்டர் கம்பிக்கு 2.6 மில்லிமீட்டர்தான். கம்பி எரிந்து குறைந்துகொண்டே வருவதால், கை முன்னோக்கி நகரும் அதே நேரத்தில் கீழேயும் இறங்க வேண்டும். புதியவர்களுக்கு மிகக் கடினமான பாடம் இது. பாதி வழியில் கை இறங்க மறந்துவிடும், மின்வில் நீண்டு பொறிகள் சிதறும். சரியான தூரத்தில் சட்டியில் வடை பொரிவதுபோல் சீரான ஓசை கேட்கும். ஓசை மாறினால் கையைக் கவனியுங்கள்.

கம்பியை நேராக நிறுத்தாமல், நீங்கள் நகரும் திசைக்கு மேற்பகுதியை 10 முதல் 20 பாகை சாய்த்துக்கொண்டு, நுனியை இழுத்துச் செல்லுங்கள். நுனி பின்னால் நோக்கியிருப்பதால் மின்வில் கசடைக் குளத்துக்குப் பின்னே தள்ளி வைக்கும். எதிர்த்திசையில் சாய்த்துத் தள்ளிக்கொண்டு போனால், கசடு முன்னால் ஓடி உருகிய இரும்புக்குள் சிக்கிக்கொள்ளும்.

வேகம் அதிகமானால் கோடு மெலிந்து, அதன் அலைகள் கூர்மையாக நீளும். குறைந்தால் இரும்பு அகலமாகக் குவியும், கசடு முந்திக்கொள்ளும். சரியான வேகத்தைக் கண்டுபிடிக்க ஒரே வழி, வெளிச்சத்தைப் பார்க்காமல் அதற்குப் பின்னால் உள்ள உருகிய குளத்தைப் பார்ப்பது. குளத்தின் அகலம் மாறாமல் வருகிறதா என்பதையே கண் பின்தொடர வேண்டும். வெளிச்சத்தைத் தாண்டிக் குளத்தைக் காணக் கண் பழகும் நாளில்தான் ஒருவர் வெல்டிங் கற்கத் தொடங்குகிறார் என்று சொல்லலாம்.

உட்கார்ந்திருக்கும் விதமும் முக்கியம். ஒற்றைக் கையில் கம்பியை அந்தரத்தில் பிடிக்காதீர்கள். முழங்கையை மேசையிலோ தொடையிலோ ஊன்றி, மற்றக் கையால் மணிக்கட்டைத் தாங்குங்கள். மின்சாரம் இல்லாமல் முழுக் கோட்டையும் ஒருமுறை கையால் ஓட்டிப் பாருங்கள். கோட்டின் முடிவில் ஒரு கணம் நின்று குழியை நிரப்பிவிட்டே கம்பியைத் தூக்குங்கள்.

உடைத்துப் பார்க்கும் பாடம்

சில நாள்களில் கோடு நேராக வரத் தொடங்கும். கசடு தட்டும் சுத்தியலால் தட்டினால் போர்வை கழன்று, உள்ளே மீன் செதில்போல் அழகான வரிகள் தெரியும். (தட்டும்போது தெளிந்த பாதுகாப்புக் கண்ணாடி அணிய வேண்டும். சூடான கசடு கண்ணுக்குத்தான் பாயும்.) படம் எடுத்து நண்பர்களுக்கு அனுப்பத் தோன்றும். அனுப்பும் முன் இந்தச் சோதனையைச் செய்யுங்கள்.

6 மில்லிமீட்டர் தடிப்பும் ஏறத்தாழ 10 சென்டிமீட்டர் நீளமும் உள்ள இரண்டு இரும்புத் தகடுகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றைப் படுக்கவைத்து, மற்றதை அதன் நடுவே செங்குத்தாக நிறுத்துங்கள். தலைகீழான 'டி' எழுத்துப்போல் இருக்கும். இரு முனையிலும் சிறு பொட்டு வைத்து நிலைப்படுத்தி, ஒரே ஒரு பக்கத்தில் மட்டும் மூலையோடு கோடு போடுங்கள். கம்பி இரண்டு தகடுகளுக்கும் நடுவே 45 பாகையில் இருக்கட்டும். நன்றாக ஆறிய பிறகு, கீழ்த் தகட்டை அசையாமல் பிடியில் இறுக்கி, நிற்கும் தகட்டை வெல்டிங் இல்லாத பக்கத்திலிருந்து பெரிய சுத்தியலால் அடித்து, வெல்டிங் உள்ள பக்கமாகச் சாயுங்கள்.

தகடு முழுவதும் மடிந்தும் வெல்டிங் உடையாமல் நின்றால், பாராட்டுகள். உடைந்தால் அதுவும் நல்லதே. உடைந்த முகத்தை வெளிச்சத்தில் பிடித்துப் படியுங்கள். முழுவதும் சாம்பல் நிறத்தில் சொரசொரப்பாக இருந்தால் இரும்பு நன்றாகக் கலந்திருக்கிறது. மூலையின் உட்புறத்தில் தகட்டின் பழைய வழவழப்பான ஓரம் அப்படியே தெரிந்தால், வெப்பம் அடிவரை இறங்கவில்லை என்று பொருள். மின்னளவைச் சற்று ஏற்றுங்கள், இடைவெளியைக் குறையுங்கள். கறுப்புக் கோடுகள் தெரிந்தால் கசடு சிக்கியிருக்கிறது. சாய்வையும் வேகத்தையும் சரிசெய்யுங்கள். ஊசித் துளைகள் இருந்தால் இரும்பு சுத்தமாக இல்லை, அல்லது கம்பி ஈரமாக இருந்திருக்கிறது, அல்லது மின்வில் நீண்டுவிட்டது.

மேலே செதில் வரிகள் அழகாக இருந்தும், உள்ளே பாதிகூடக் கலக்காத வெல்டிங்கை முதன்முதலில் உடைத்துப் பார்க்கும் மாணவர் கொஞ்சம் அதிர்ந்துதான் போவார். பாடம் அங்கேதான் கிடைக்கிறது. மேல்தோற்றத்தை வைத்து உள்ளிருப்பதை முடிவு செய்ய முடியாது.

இது வகுப்பறைக்கு மட்டும் உரிய பாடமும் அல்ல. 1943ஆம் ஆண்டு ஜனவரி 16இல், அமெரிக்காவின் போர்ட்லண்ட் நகரில் எஸ்.எஸ். ஸ்கெனெக்டடி என்ற புத்தம் புதிய எண்ணெய்க் கப்பல், அமைதியான நீரில் துறைமுகத்தில் கட்டப்பட்டிருந்தபோதே ஏறத்தாழ இரண்டாகப் பிளந்தது. போர்க்காலத்தில் அவசரமாகக் கட்டப்பட்ட வேறு பல கப்பல்களிலும் விரிசல்கள் கண்டன. குளிரில் நொறுங்கும் எஃகு, கூர்மையான மூலைகளில் குவிந்த அழுத்தம், குறையுள்ள வெல்டிங் ஆகியவை அவற்றுக்குக் காரணங்களாகக் கண்டறியப்பட்டன. ஆணி அடித்து இணைத்த பழைய கப்பல்களில் விரிசல் ஒரு தகட்டின் ஓரத்தோடு நின்றுவிட வாய்ப்பிருந்தது. வெல்டிங் எல்லாத் தகடுகளையும் ஒரே தகடாக்கிவிட்டதால், ஓரிடத்தில் தொடங்கிய விரிசல் தடையில்லாமல் ஓடியது. ஒன்றாக்கும் தொழிலின் பொறுப்பு எவ்வளவு பெரியது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

எங்கே, எப்படிக் கற்பது?

காணொளி பார்த்துவிட்டு வீட்டின் பின்புறம் தனியாகத் தொடங்காதீர்கள். நாட்டில் தொழிற்கல்லூரிகள், மனிதவள அமைச்சின்கீழ் இயங்கும் ஐ.எல்.பி. தொழிற்பயிற்சிக் கழகங்கள், கியாட்மாரா மையங்கள், தனியார் பயிற்சி மையங்கள் எனப் பல வாய்ப்புகள் உள்ளன. எந்தெந்த நிலையத்தில் வெல்டிங் பயிற்சி இருக்கிறது, நுழைவுத் தகுதி என்ன என்பதை விண்ணப்பிக்கும் முன் நேரடியாகக் கேட்டுக்கொள்ளுங்கள். முக்கியமாக, அங்குக் கிடைக்கும் சான்றிதழ் எஸ்.கே.எம். எனப்படும் மலேசியத் திறன் சான்றிதழ்தானா என்று கேளுங்கள். அதில் முதல் மூன்று நிலைகள் சான்றிதழாகவும், நான்காம் நிலை டிப்ளோமாவாகவும், ஐந்தாம் நிலை உயர்நிலை டிப்ளோமாவாகவும் வழங்கப்படுகின்றன. பட்டறையில் பல ஆண்டுகள் வேலை செய்தும் சான்றிதழ் இல்லாத அண்ணன்களுக்கும் வழி உண்டு. அனுபவத்தைச் சான்றுகளோடு காட்டித் திறன் சான்றிதழ் பெறும் பி.பி.டி. முறையைத் திறன் மேம்பாட்டுத் துறை நடத்துகிறது.

தொழிலில் வளர வளரத் தேர்வுகளும் கடினமாகும். முதலில் தட்டையான நிலை, பிறகு கிடைநிலை, செங்குத்து, தலைக்கு மேல். 6ஜி என்பது 45 பாகை சாய்வில் அசையாமல் நிறுத்திய குழாயைச் சுற்றி வெல்டிங் செய்யும் தேர்வு. எண்ணெய், எரிவாயுத் துறைக் குழாய் வேலைகளில் மதிப்புள்ள தகுதி அது. அந்தத் தேர்விலும் துண்டை வெட்டி வளைத்துப் பார்ப்பார்கள், அல்லது கதிர்ப்படம் எடுத்து உள்ளே பார்ப்பார்கள். இன்று பட்டறை மேசையில் நீங்கள் சுத்தியலால் செய்வதைத்தான் அங்குத் தேர்வாளர் செய்கிறார்.

எனவே, மாணவர்களே, முதல் மாதத்தில் நீங்கள் எத்தனை கோடு போட்டீர்கள் என்று கணக்கு வைக்காதீர்கள். எத்தனையை உடைத்துப் பார்த்தீர்கள் என்று கணக்கு வையுங்கள். உடைந்த துண்டுகளில் தேதியையும் ஆம்பியரையும் சுண்ணக்கட்டியால் எழுதி, வரிசையாக அடுக்கி வையுங்கள். குறை எங்கே இருந்தது, எப்போது குறைந்தது என்பதை அந்த வரிசையே காட்டும். பிற்காலத்தில் நீங்கள் போட்ட கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒரு பாட்டி மாடிப்படி ஏறுவார். அந்த வெல்டிங்கை யாரும் உடைத்துப் பார்க்கப் போவதில்லை. உள்ளே என்ன இருக்கிறது என்பது உங்களுக்கு மட்டுமே தெரியும்.